நடுநிலை காட்டும் குமிழி

கட்டடம் எழும்பும் இடத்தில் கொத்தனாரின் கையருகே கரணையும் தூக்குக்குண்டும் கிடப்பதுபோல் ரசமட்டமும் கிடக்கும். பெயரில் ரசம் இருந்தாலும் அதன் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பது பாதரசம் அன்று. சாயமேற்றிய ஆல்கஹாலும் ஒரு சிறு காற்றுக் குமிழியுமே ஆகும். இரு கோடுகளுக்கு இடையே குமிழி வந்து நின்றால் தளம் மட்டமாக இருக்கிறது என்பது பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தக் குமிழியின் தீர்ப்பைப் படிக்க வல்லவர்.

வேலையில் பழுத்த கொத்தனார் ஒன்றைக் கவனித்திருப்பார். காலைக் குளிர்ச்சியில் கோடுகளைத் தொடுமளவு நீண்டிருந்த குமிழி, நண்பகல் வெயிலில் சற்றுச் சுருங்கிக் காணப்படும். தளம் மாறவில்லை; சுவர் அசையவில்லை; ஆனால் மட்டம் கூறும் குமிழி மட்டும் மாறியிருக்கிறது. அவர் அதனைப் பெரிதாக எண்ணமாட்டார். கருவியை எடுத்து நிழலில் வைத்துவிட்டு, வேறு வேலை பார்த்துவிட்டு வருவார். சுவர் எழுப்புவதற்கு அவ்வளவு போதும். ஆனால் அதே குமிழி, வழி காட்டும் கருவி ஒன்றனுள் அமர்ந்து, நள்ளிரவில் பெருங்கடலின் மேல் பறக்கும் விமானத்திற்கு இடம் கூறவேண்டிய நிலை வந்தபோது, வெப்பம் செய்யும் இச்சிறு விளையாட்டு உயிருக்கு விலை பேசும் செய்தியாயிற்று. அதனை மனிதர் எவ்வாறு அடக்கியாண்டனர் என்பது, அறிவியல் மாணவர்க்கு மட்டுமன்றி, மதிப்பிடும் பொறுப்பைத் தோளில் சுமக்கும் ஆசிரியர்க்கும் அறியத்தக்க வரலாறாகும்.

குமிழிமட்டத்தை 1661-ஆம் ஆண்டளவில் அமைத்தவர் மெல்கிசெதெக் தெவெனோ என்னும் பிரெஞ்சு அறிஞர். அமைப்பு எளியது. கண்ணாடிக் குழாயின் உட்புறம் நேராக இராமல், நடுவில் மிகச் சிறிதளவு மேல்நோக்கி வளைந்திருக்கும். நீர்மம் கனமானது, காற்று இலேசானது. ஆகவே குமிழி எப்போதும் வளைவின் மிக உயர்ந்த இடத்தை நாடிச் செல்லும். வளைவு எவ்வளவு மென்மையானதோ, அவ்வளவு நுட்பமாகக் குமிழி பேசும். நில அளவைக்குப் பயன்படும் நல்ல மட்டம் ஒன்றில் 20 விகலை சாய்வுக்குக் குமிழி 2 மில்லிமீட்டர் நகருமாயின், அக்குழாயின் உட்புற வளைவு ஏறக்குறைய 20 மீட்டர் ஆரமுடைய வட்டத்தின் ஒரு துண்டாகும். உள்ளங்கையில் அடங்கும் குழாய்க்குள் 20 மீட்டர் வட்டத்தின் வளைவைத் தேய்த்து உருவாக்கிய கைவினைஞரின் பொறுமை போற்றத்தக்கது.

கடலில் செல்லும் மாலுமி, செக்ஸ்டண்ட் என்னும் கோணமானியால் கதிரவனோ விண்மீனோ அடிவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயர்ந்திருக்கிறது என்று அளப்பான். அந்த உயரத்தையும் நேரத்தையும் கொண்டு தன் கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவான். அளவையில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, பிழை நேர்ந்தால், கணக்கில் ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் பிழை நேரும். மாலுமிக்கு ஒரு வசதி உண்டு. நீரும் வானும் கூடும் அடிவானக் கோடு அவன் கண்முன் இருக்கிறது. விமானிக்கோ அவ்வசதி இல்லை. உயரத்தில் மூடுபனி அடிவானத்தை விழுங்கும்; கீழே முகில் பரந்திருக்கும்; இரவில் எல்லாமே இருள். அடிவானம் இல்லையேல் விண்மீனின் உயரத்தை எதிலிருந்து அளப்பது?

இவ்வினாவுக்குப் பயன்தரும் விடை கண்டவருள் ஒருவர், போர்த்துகல் நாட்டுக் கடற்படை அதிகாரி காகோ கூத்தீன்யோ. 1869-இல் லிஸ்பனில் பிறந்த அவர், ஆப்பிரிக்காவிலும் தீமோரிலும் நிலங்களை அளந்து பழகியவர். மட்டக் குழாயின் குமிழியை நன்கறிந்தவர். கண்ணுக்குத் தெரியாத அடிவானத்திற்குப் பதிலாக, குமிழிமட்டத்தையே செக்ஸ்டண்டுக்குள் பொருத்தினால் என்ன என்று அவர் எண்ணினார். குமிழியே செயற்கை அடிவானமாயிற்று. 1921-இல் லிஸ்பனிலிருந்து மதெய்ரா தீவுக்குப் பறந்து அம்முறையைச் சோதித்தனர். மறு ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள், விமானி சக்கதுரா கப்ராலும் கூத்தீன்யோவும் லூசித்தானியா என்னும் கடல் விமானத்தில், தென் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கப் புறப்பட்டனர்.

அப்பயணத்தின் மிகக் கடினமான பகுதி ஏப்ரல் 18-ஆம் நாள் அமைந்தது. வெர்தே முனைத் தீவுகளிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் வெறுங்கடலைத் தாண்டி, புனித பேதுரு பவுல் பாறைகள் என்னும் இடத்தைச் சேரவேண்டும். அவை தீவுகள் என்று சொல்லவும் தகாதவை; கடலின் நடுவே துருத்தி நிற்கும் சில கற்கள்; மிக உயர்ந்த இடமே 20 மீட்டரை எட்டாது. அவற்றைத் தவறவிட்டால் மீண்டும் தேட எரிபொருள் இல்லை. வழியெங்கும் கேட்டறிய ஆளில்லை. குமிழியும் கதிரவனும் கணக்கும் துணையாக அவர்கள் பறந்தனர். எரிபொருள் தீரும் நிலையில் பாறைகள் கண்ணுக்குத் தெரிந்தன. இறங்கும்போது அலை மோதியதில் விமானம் சிதைந்து மூழ்கிப் போயிற்று. இருவரும் அங்கே காத்திருந்த போர்த்துகல் கப்பலால் காக்கப்பட்டனர். பின்னர் வேறு விமானங்கள் தந்து உதவப்பெற்று, ஜூன் 17-ஆம் நாள் ரியோ தி ஜெனீரோவை அடைந்தனர். விமானம் மூழ்கியது உண்மை; ஆனால் வழி தவறவில்லை என்பதே அந்நாளில் உலகம் வியந்த செய்தி.

இவ்வெற்றிக்குப் பின் குமிழிச் செக்ஸ்டண்டு பல நாடுகளில் பல வடிவங்களில் செய்யப்பட்டது. பரவலான பயனுக்கு வந்தபோதுதான் வெப்பம் என்னும் பழைய பகைவனை முழுவதும் அறியவேண்டியதாயிற்று. வெப்பம் குமிழிக்குச் செய்யும் தீங்கு இருவகைப்படும். ஒன்று கண்ணுக்குத் தெரிவது, மற்றொன்று தெரியாதது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால்தான் மற்றவை விளங்கும்.

முதலாவது, குமிழியின் பருமன் மாறுதல். சூடேறினால் நீர்மம் விரியும். ஆல்கஹால் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் 1.1 பங்கு விரியும். ஈதர் அதனினும் மிகுதியாக, ஏறக்குறைய 1.6 பங்கு விரியும். கண்ணாடியின் விரிவோ இவற்றில் சிறு பகுதியே. ஆகவே நீர்மம் விரியும்போது கலம் அதற்கு ஈடாக விரிந்து இடம் தருவதில்லை. இடம் தரவேண்டியது குமிழிதான். வெப்பத்தில் குமிழி சுருங்கும், குளிரில் பெருகும். தரையில் 30 பாகை வெப்பத்தில் நின்ற விமானம் 6,000 மீட்டர் உயரத்துக்கு ஏறினால், ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 பாகை வீதம் குளிர்ந்து, வெளிக்காற்று உறைநிலைக்கும் கீழே சென்றுவிடும். 40 பாகை மாற்றம் என்று கொண்டால், 10 கன சென்டிமீட்டர் ஆல்கஹால் ஏறக்குறைய 0.44 கன சென்டிமீட்டர் சுருங்கும். அவ்விடத்தை எல்லாம் குமிழியே நிரப்பவேண்டும். தரையில் அளவாக இருந்த குமிழி, வானில் கலத்தின் சுவரை முட்டும் அளவுக்குப் பருத்துவிடும். மாறாக, குளிரில் அளவாக அமைத்த குமிழி, வெயிலில் வைத்த கருவியில் முற்றும் மறைந்துவிடும். குமிழி முற்றும் மறைந்த பின்னும் வெப்பம் ஏறுமாயின், விரிய இடமில்லாத நீர்மம் கண்ணாடியையே உடைத்துவிடும்.

பருமன் மாறினால் என்ன கேடு? மிகச் சிறிய குமிழி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாற்போல் மந்தமாக நகரும்; சாய்வைக் காலம் தாழ்த்தியே சொல்லும். மிகப் பெரிய குமிழியின் நடு எது என்று கண் தெளிவாகக் காண இயலாது. இருப்பினும் இத்தீங்கில் ஒரு நன்மை உண்டு. குமிழி பெருத்ததும் சிறுத்ததும் பார்ப்பவனுக்கு உடனே தெரிகின்றன. குழாய் முழுதும் ஒரே சீராக வெப்பம் மாறினால், குமிழியின் இரு முனைகளும் சம அளவே நீளும் அல்லது குறுகும். அதன் நடுப்புள்ளி இடம் மாறாது. ஒரு முனையை மட்டும் பாராமல் இரு முனைகளையும் பார்த்து நடுவைக் கொள்பவன் ஏமாறமாட்டான்.

இரண்டாவது தீங்கு அத்தகையதன்று. குழாயின் ஒரு பக்கம் மட்டும் சூடேறுவதால் வருவது அது. எந்த நீர்மத்திற்கும் அதன் மேற்பரப்பில் ஓர் இழுவிசை உண்டு. வெப்பம் மிகுந்தால் அவ்விழுவிசை தளரும். குழாயின் வலப்பக்கம் மட்டும் சூடானால், அங்கே இழுவிசை தளர்ந்து, குளிர்ந்த இடப்பக்கத்தின் இழுவிசை மேலோங்கும். பரப்பிலுள்ள நீர்மம் குளிர்ந்த பக்கம் இழுக்கப்பட, குமிழி சூடான பக்கம் நகரும். தளம் சாயவில்லை; ஆயினும் குமிழி சாய்ந்ததாகக் கூறும். அதன் பருமனில் மாற்றம் தெரியாது. வடிவில் குறை தோன்றாது. நடுவில் நிற்பதுபோலவே அமைதியாக நின்று பொய் சொல்லும். வெயில் ஒரு பக்கம் விழுந்தாலும், கருவியைப் பிடித்த கையின் சூடு பட்டாலும், பார்ப்பவனின் மூச்சுக் காற்று பட்டாலும் இது நேரக்கூடும். நிலம் அளப்போர் மட்டக் கருவிக்குக் குடை பிடிப்பதும், மட்டக் குழாயை விரலால் தொடலாகாது என்று பழகுநர்க்குக் கற்பிப்பதும் இதனாலேயே.

குமிழியைத் தாங்கும் உலோகமும் இத்தீங்கில் பங்கு கொள்ளும். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு பித்தளைத் தாங்கிகளுள், 5 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒன்று மற்றதைவிட 3 பாகை மிகுதியாகச் சூடேறினால், அது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஏறக்குறைய 3 பங்கே வளரும். அவ்வளவு சிறு வளர்ச்சியும் மட்டத்தை ஏறக்குறைய 3 விகலை சாய்த்துவிடும். விமானிக்கு அது பொருட்டன்று. அவன் கலைக்கணக்கில் அளப்பவன். நில அளவையாளனுக்கோ அது பொறுக்கமுடியாத பிழை. பிழையின் பெருமை சிறுமை, அளப்பவன் ஏற்ற பணியைப் பொறுத்தது.

இனி, இவற்றை அடக்க மேற்கொண்ட வழிகளைக் காணலாம். அவை ஒரே நாளில் ஒருவர் கண்டவை அல்ல. பலர் படிப்படியாகச் சேர்த்தவை.

முதல் வழி, தகுந்த நீர்மத்தைத் தேர்தல். தண்ணீர் வெப்பத்தால் குறைவாகவே விரியும் என்றாலும், 0 பாகையில் உறைந்து கண்ணாடியைப் பிளந்துவிடும். ஆல்கஹாலும் ஈதரும் மிகுதியாக விரிந்தாலும், உறைநிலைக்குக் கீழே 100 பாகை சென்றாலும் உறையாதவை, மெல்லியவை, குமிழியை எளிதில் நகரவிடுபவை. எனவே விரிவு என்னும் குறையைத் தெரிந்தே ஏற்று, அதற்கு வேறிடத்தில் பரிகாரம் தேடினர்.

இரண்டாம் வழி, நீர்மத்தின் அளவைக் குறைத்தல். விரிவது நீர்மமே ஆதலால், நீர்மம் குறைந்தால் விரிவும் குறையும். குழாய்க்குள் ஒரு கண்ணாடிக் கோலை இட்டு இடத்தை அடைத்துவிட்டால், குமிழி முன்போலவே நகரும். வெப்பத்தால் அதன் நீளம் மாறுவது மட்டும் குறையும்.

மூன்றாம் வழி, சேமிப்பு அறை வைத்தல். நுட்பமான மட்டக் குழாய்களின் ஒரு கோடியில் சிறு தடுப்பும், அதில் ஒரு சிறு துளையும் அமைத்திருப்பர். தடுப்புக்கு அப்பால் உபரிக் காற்று இருக்கும். குமிழி வெப்பத்தால் சிறுத்தால், குழாயைச் சாய்த்து அவ்வறையிலிருந்து சிறிது காற்றைக் கொணர்வர். குளிரால் பெருத்தால் மிகுதியை அங்கே அனுப்புவர். வீட்டில் பொருள் மிகும் காலத்தில் சேர்த்து வைத்து, குறையும் காலத்தில் எடுத்துக்கொள்ளும் முறைதான் இது.

நான்காம் வழி, வானூர்திச் செக்ஸ்டண்டுக்கு உரியது. அதன் குமிழி நீண்ட குழாயில் இராமல் ஒரு சிறு வட்டக் கலத்தில் இருக்கும். கலத்தின் மேல்மூடி கோள வடிவில் மெல்ல வளைந்திருக்கும். அவ்வளைவின் ஆரத்தைக் கருவியின் ஆடியமைப்புக்குப் பொருந்தச் செய்திருப்பதால், கை சிறிது அசைந்தாலும் விண்மீனின் பிம்பமும் குமிழியும் சேர்ந்தே அசையும். கலத்தின் ஒரு சுவர் மட்டும் வளைந்து கொடுக்கும் மெல்லிய சவ்வுத் தகடாக இருக்கும். அதனோடு இணைந்த திருகைத் திருகினால் தகடு உள்ளே அழுந்தும் அல்லது வெளியே இழுபடும். இழுத்தால் கலத்தின் கொள்ளளவு பெருகிக் குமிழி வளரும். அழுத்தினால் குமிழி சுருங்கும். வெப்பம் செய்ததை விரலால் திருத்திக்கொள்ளும் வசதி இது. ஆனால் தரையில் திருத்தி வைத்தது வானில் உதவாது. கருவி அவ்வுயரத்தின் குளிருக்குப் பழகும்வரை காத்திருந்து, அதன் பிறகே குமிழியை அளவாக்கிக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டவனுக்கு, அளந்துகொண்டிருக்கும்போதே குமிழி வளர்ந்துகொண்டிருக்கும்.

ஐந்தாம் வழி, கருவியில் இல்லை. கருவியைக் கையாளும் ஒழுக்கத்தில் இருக்கிறது. வெயில் படாமல் பெட்டியில் வைத்தல், கையின் சூடு குழாயில் பட விடாமை, இரு முனைகளையும் பார்த்தல், மட்டக் கருவியை முனைமாற்றி வைத்து இரண்டாம் முறை அளத்தல் ஆகியவை அவ்வொழுக்கத்தின் கூறுகள். முனைமாற்றி அளந்தால், கருவியின் நிலையான குறை ஒரு முறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் தோன்றி, சராசரியில் நீங்கிவிடும். ஆனால் இரு அளவைகளுக்கும் இடையே கருவி சூடேறிக்கொண்டிருந்தால் அதுவும் பயன்படாது. நிலையான குறைக்கு மாற்று உண்டு. மாறிக்கொண்டே இருக்கும் குறைக்குப் பொறுமை ஒன்றே மாற்று.

விமானத்தில் வெப்பத்தைத் தவிர வேறோர் இடரும் உண்டு. குமிழிக்குப் புவியீர்ப்பு எது, விமானத்தின் முடுக்கம் எது என்று பிரித்தறியத் தெரியாது. ஒரு விநாடிக்குள் வேகம் விநாடிக்கு 3 மில்லிமீட்டர் அளவு மாறினாலே குமிழி ஒரு கலை பிறழும். ஆகவே ஒரே பார்வையை நம்பாமல், ஓரிரு நிமிடங்கள் தொடர்ந்து பார்த்துப் பல அளவைகளின் சராசரியைக் கொண்டனர். சராசரி காணும் பொறியைச் செக்ஸ்டண்டுக்குள்ளேயே அமைத்தனர். ஆட்டத்தால் வரும் பிழை இருபக்கமும் ஆடுவது. சராசரியில் பெரிதும் கழியும். ஒரு பக்கச் சூட்டால் வரும் பிழையோ ஒரே பக்கம் நிற்பது. நூறு முறை பார்த்தாலும் கழியாது. பலமுறை சொல்லப்பட்டதனால் ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வளவு முயற்சியும் எதற்கு என்று வினவுவோர், 1943-ஆம் ஆண்டை நினைக்கவேண்டும். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இவ்வட்டாரத்தின் வழியாகச் சென்ற வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, குவாண்டாஸ் நிறுவனத்தார் பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து, இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல வாவிக்கு, இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடக்கும் பயணத்தைத் தொடங்கினர். தொலைவு ஏறக்குறைய 6,500 கிலோமீட்டர். சென்றவை கட்டலினா என்னும் மெதுவான பறக்கும் படகுகள். எரிபொருளின் சுமையால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. 27 முதல் 33 மணி நேரம் இடைவிடாது பறக்கவேண்டும். புறப்பட்டு இறங்குவதற்குள் கதிரவன் இரு முறை உதிப்பதைக் காணலாம். அதனால் அப்பயணம் இரட்டை உதயம் என்னும் பெயர் பெற்றது.

பகைவர் செவியில் படாதிருக்க வானொலியில் பேசுதல் விலக்கப்பட்டது. இடையில் இறங்கத் தரையில்லை. வழி கூற விண்மீன்களே இருந்தன. அப்பணியில் ஈடுபட்ட ஐந்து விமானங்களுக்கும் வழி காட்டும் விண்மீன்களின் பெயர்களையே இட்டனர்: அல்டேர், வேகா, ரைஜெல், அண்டாரிஸ், ஸ்பைக்கா. இப்பெயர்கள் தமிழர்க்கு அயல்போலத் தோன்றும். ஆனால் அவ்விண்மீன்கள் அயலானவை அல்ல. அல்டேர், திருவோணம், அண்டாரிஸ், கேட்டை, ஸ்பைக்கா, சித்திரை. வேகாவை வடநூலார் அபிஜித் என்பர். ரைஜெல், திருவாதிரை மின்னும் அதே வான்கூட்டத்தைச் சேர்ந்தது. பஞ்சாங்கத்தில் நாள் பார்க்கவும் பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் தமிழர் எண்ணிய மீன்கள், அவ்விரவுகளில் கடல் நடுவே உயிர்களைக் கரை சேர்க்கும் கணக்கில் இடம் பெற்றன.

அவ்விமானங்களில் வழி கணித்தவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். எந்திரத்தின் இரைச்சல், குளிர், உறக்கமின்மை, கையில் ஒரு செக்ஸ்டண்டு. வானில் தெளிவாகத் தெரியும் ஒரு மீனைச் செயற்கை அடிவானத்தோடு பொருத்தி, நேரம் குறித்து, அட்டவணை பார்த்து, வரைபடத்தில் ஒரு கோடு இழுக்கவேண்டும். ஐந்து கலை பிழை ஐந்து கடல்மைல் பிழை. விடியலில் இலங்கைக் கரை தோன்றாவிட்டால் யாரிடம் கேட்பது? இருந்தும் 1945 ஜூலை வரை 271 முறை அக்கடல் கடக்கப்பட்டது. அப்பணியில் ஒரு விமானமும் வழியில் இழக்கப்படவில்லை. வீரம் மட்டும் இதனைச் செய்யவில்லை. தம் கருவி எங்கெங்கே பொய் சொல்லும் என்பதை அறிந்து, அதற்கு இடங்கொடுத்து உழைத்த அடக்கமும் சேர்ந்தே இதனைச் செய்தது.

காலம் மாறிற்று. 1970-களில் தன்னுள்ளேயே திசையறியும் பொறிகள் பெரிய விமானங்களில் இடம்பெற்றன. 1995-இல் செயற்கைக்கோள் வழியறி முறை முழுப் பயனுக்கு வந்தது. செக்ஸ்டண்டுகள் காட்சிக் கூடங்களுக்குச் சென்றன. எனினும் அமெரிக்கக் கடற்படைக் கழகம், தான் நிறுத்திவிட்ட விண்மீன் வழிகாணும் பாடத்தை 2015-இல் மீண்டும் தொடங்கியது. இன்று கைப்பேசியில் ரசமட்டம் காட்டும் வசதியும் உண்டு. அதனுள் குமிழி இல்லை. சாய்வை உணரும் நுண்ணிய சிலிக்கன் துண்டு இருக்கிறது. அதுவும் வெப்பத்தால் பிறழ்வதே. அப்பிறழ்வைக் கணக்கிட்டுக் கழிக்கும் ஏற்பாடும் உடன் செய்யப்படுகிறது. குமிழி போயிற்று, குமிழியின் சிக்கல் போகவில்லை.

வகுப்பறையில் இதனைக் காட்டப் பெரும் செலவு வேண்டியதில்லை. நிறமற்ற சிறு கண்ணாடிச் சீசா ஒன்றில், கொதிக்கவைத்து ஆறிய சாயநீரை நிரப்பி, அரைத் தேக்கரண்டி அளவு காற்று எஞ்சுமாறு மூடிப் படுக்கவைக்கலாம். பனிக்கட்டி இட்ட நீரில் சிறிது நேரமும், வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரமும் வைத்து, இரு நிலைகளிலும் குமிழியின் நீளத்தை அளவுகோலால் அளக்கச் செய்யலாம். கொதிநீர் கூடாது. சோதனைக்கு முன்பே குமிழி வளருமா சுருங்குமா என்று மாணவர் ஒவ்வொருவரும் எழுதி வைக்கவேண்டும். வெப்பத்தில் காற்று விரியும் என்று பாடத்தில் படித்த பிள்ளைகளில் பலர், குமிழி வளரும் என்றே எழுதுவர். கண்முன் அது சுருங்கும்போது அவர்கள் முகத்தில் எழும் வியப்பே கல்வியின் தொடக்கம். காற்று விரிய விரும்பினாலும், எளிதில் அழுத்த முடியாத நீர்மம் விரிந்து அதனை நெருக்குகிறது என்பதை அவர்களே கண்டுசொல்லும் வரை ஆசிரியர் காத்திருத்தல் நன்று.

அப்பாடத்தை முடித்து, விடைத்தாள்களைத் திருத்த அமரும் ஆசிரியருக்கும் குமிழி ஒரு பாடம் வைத்திருக்கிறது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, துலாக்கோலை உவமையாகக் காட்டினார். கோலே சூடேறினால் என்ன ஆகும் என்பதைக் குமிழி எடுத்துக் காட்டுகிறது. ஆசிரியர் களைத்திருக்கும்போது எல்லாத் தாள்களுக்கும் ஒரே அளவு மதிப்பெண் குறைந்தால், அது குமிழியின் பருமன் மாறுவது போன்றது, வரிசை மாறாது, பின்னர்க் கண்டு திருத்தவும் இயலும். காலையில் குறும்பு செய்த மாணவனின் தாளை எடுக்கும்போது மட்டும் உள்ளம் சூடேறினால், அது ஒரு பக்கச் சூடு. மதிப்பிடுபவர் தாம் நடுவில் நிற்பதாகவே நம்புவார். அந்தச் சில மதிப்பெண்களால் ஒரு பிள்ளை பின்வரிசை வகுப்புக்குத் தள்ளப்படலாம். தன்னால் இயலாது என்று அவன் நம்பத் தொடங்கலாம். ஒரு கலை பிழை ஒரு கடல்மைல் ஆவதுபோல், அப்பிழை அவன் செல்லும் தொலைவெல்லாம் உடன் செல்லும்.

சூடே ஏறாத நெஞ்சம் மனிதர்க்கு இல்லை. வெப்பத்தால் விரியாத நீர்மமும் இல்லை. கருவி செய்தோர் அப்படியொன்றைத் தேடிக் காலத்தை வீணாக்கவில்லை. விரிவதற்கு இடம் விட்டனர், நிழல் தந்தனர், காத்திருந்தனர், முனைமாற்றி மீண்டும் பார்த்தனர். அந்தத் தாளை அன்றிரவு ஒதுக்கி வைத்து, பெயரை மறைத்து, மறுநாள் காலை மீண்டும் ஒரு முறை படிக்கும் ஆசிரியரும் அதனையே செய்கிறார். வெயிலில் சுருங்கிய குமிழியைக் கண்டு, ரசமட்டத்தை நிழலில் வைத்துவிட்டு, ஆறியபின் எடுத்து, இப்புறமும் அப்புறமும் திருப்பி வைத்துப் பார்க்கும் கொத்தனாருக்கு இது யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கிறது.